சைப்ரஸ் காட்டுக்கு வந்த சிறு குளவி

செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி பொருத்தியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். எலி பிடிக்கும் ஆந்தைக்கு அமைத்த வீடு அது. இவ்வாறு ஓர் உயிரைக் கொண்டு மற்றோர் உயிரை அடக்கும் முறையை ஆப்பிரிக்காவின் மலைக்காடுகளும் நாடவேண்டி வந்தது. அது எப்படி என்று இன்று பார்ப்போம்.

சைப்ரஸ் என்பது குளிர்ந்த மலைப்பகுதியில் வளரும் பசுமை மாறாத மரம். மெக்சிகோவைச் சேர்ந்த சைப்ரஸ் வகையொன்றை வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் கென்யா, மலாவி முதலிய நாடுகளில் நட்டார்கள். பிரேசிலிலிருந்து பால்மரம் நம் நாட்டுக்கு வந்ததைப் போலத்தான். பலகைக்கும் விறகுக்கும் அது பயன்பட்டது. ஏழை விவசாயிகள் வீட்டைச் சுற்றி அதையே உயிர்வேலியாகவும் வளர்த்தார்கள்.

1986ஆம் ஆண்டு மலாவியில் இம்மரங்கள் தீயில் கருகியவைபோல் பழுப்பேறிக் காயத் தொடங்கின. காரணம், கிளைகளில் கூட்டமாக ஒட்டியிருந்த அசுவினிப் பூச்சிகள். நம் கத்தரி, மிளகாய்ச் செடிகளில் காணும் செடிப்பேனின் இனந்தான். அரிசி மணியைவிடச் சிறிய இப்பூச்சி சாற்றை உறிஞ்சுவதோடு நில்லாமல், தன் உமிழ்நீரால் கிளைக்கு நஞ்சும் ஏற்றிவிடுகிறது. அது கழிக்கும் இனிப்பு நீரைத் தேடி எறும்புகள் வரும்; அந்நீர் படிந்த இலையில் கரும்பூசணம் படரும். பெண் பூச்சிகள் பெரும்பாலும் ஆண் துணையின்றியே குஞ்சு ஈனுவதால், சில வாரங்களில் ஒன்று பலவாகிவிடும். எல்லை தாண்டிப் பரவிய அது 1990இல் கென்யாவை எட்டியது. அதற்குள் பல நாடுகளில் பட்டுப்போன மரங்களின் மதிப்பு 4 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது என்று கணக்கிட்டார்கள். வேலி பட்டுப்போன குடியானவனின் நட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மருந்து தெளிக்கலாமே என்று நாம் கேட்கலாம். மலைமுழுதும் பரந்து நிற்கும் உயர்ந்த மரங்களுக்குத் தெளிக்கப் பணம் ஏது? தெளித்தாலும், அசுவினியைத் தின்னும் பூச்சிகள் அல்லவா முதலில் மடியும்? ஆகவே ஆய்வாளர்கள் வேறு வழியில் சிந்தித்தார்கள். இப்பூச்சி தன் தாயகத்தில் இத்தனை அழிவு செய்யவில்லை. அங்கே அதற்கு எதிரிகள் உண்டு. இங்கோ அது எதிரியின்றித் தனியாக வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியானால் எதிரியையும் அழைத்து வரவேண்டியதுதான்.

இது புதுமையான எண்ணமன்று. பிஜித் தீவில் தென்னை ஓலையை அரித்த அந்துப்பூச்சியை அடக்க, 1925இலேயே நம் மலாயாவிலிருந்து ஒருவகை ஈயைக் கொண்டுபோய் வெற்றி கண்டிருக்கிறார்கள்.

சைப்ரஸுக்காக ஐரோப்பாவில் தேடிக் கண்டது ‘பாவேசியா’ என்னும் மிகச்சிறிய குளவி. அது நம்மைக் கொட்டுவதில்லை. அசுவினியின் உடலுக்குள் ஒரு முட்டையிடும். வெளிவரும் புழு உள்ளிருந்தே அதைத் தின்று தீர்க்கும். பூச்சி உப்பிக் காய்ந்து வெறுங்கூடாகிவிட, அதில் துளையிட்டுப் புதிய குளவி வெளியேறும். 1994இல் இக்குளவியை மலாவியில் விட்டார்கள். பின்னர்க் கென்யாவிலும் உகாண்டாவிலும் அது நிலைபெற்றது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த அசுவினி ஐரோப்பாவில் ஏற்கெனவே அறிந்த இனமென்றே முதலில் எண்ணியிருந்தார்கள். அது கிரேக்கத்தின் கிழக்கிலிருந்து காஸ்பியன் கடலின் தென்பகுதிவரை வாழும் வேறோர் இனம் என்று 1999இல்தான் தெளிவாயிற்று. நல்லவேளையாக, பெயர் தெரியும்வரை குளவி காத்திருக்கவில்லை!

அசுவினி அடியோடு ஒழிந்துவிடவில்லை. குளவியும் அதனுடனேயே அங்கு வாழ்கிறது. ஆனால் மலாவியின் தேசிய மரமான முலாஞ்சி மலைத் தேவதாருவின் கதை வேறு. சைப்ரஸின் உறவான அந்த மரத்தையும் அசுவினி வாட்டியது உண்மை. எனினும் அதில் முதிர்ந்த மரங்களை ஏறக்குறைய இல்லாமல் செய்தது, திருட்டுத்தனமாக மலையேறிய கோடரிதான். இப்போது மலையடி ஊர்மக்கள் நாற்று வளர்த்து மறுபடி நடுகிறார்கள்.