குறையறி தேர்வு, இணையவழி (கணிதம்)

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒரு கணக்கில் எங்கே, எதனால் பிசகுகிறார் என்பதைக் கணினி வழியாகக் கண்டறியும் தேர்வு. மதிப்பெண் தருவது இதன் வேலையன்று. பிழைக்குப் பின்னிருக்கும் எண்ணத்தைக் காட்டுவதே நோக்கம்.

தசம எண்கள் நல்ல சான்று. 4.8, 4.63 இரண்டில் பெரியது எது என்றால், 63 எட்டைவிடப் பெரியது என்று கருதி 4.63 என்பார் ஒரு மாணவர். இன்னொருவர் 4.8 என்று சரியாகச் சொல்வார். ஆனால் இலக்கம் குறைந்தால் மதிப்பு கூடும் என்ற தவறான நம்பிக்கையால் சொல்லியிருக்கலாம். 5.736, 5.62 இணையைக் கொடுத்தால் அவர் 5.62 என்பார், குட்டு வெளிப்படும். ஆகவே ஒற்றை விடையை நம்பக்கூடாது; விடைகளின் வரிசையே பேசும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் 'ஸ்மார்ட்' தேர்வுகள் இம்முறையில் அமைந்தவை.

இந்தியாவில் குறிப்பிடத்தக்கது, அகமதாபாத்தின் எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் உருவாக்கிய 'மைண்ட்ஸ்பார்க்'. மாணவரின் நிலையை முதலில் அளந்து, அதற்கேற்ற கேள்விகளைத் தரும் மென்பொருள் இது. இதன் பயனை அளக்க டெல்லியில் 2015இல் தொடங்கிய ஆய்வை கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் நடத்தினர். முடிவுகள் 2019இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியாயின. ஆறாம் வகுப்பினர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தது தெரிந்தது. மேல் வகுப்புகளில் இடைவெளி இன்னும் அகன்றது. மைண்ட்ஸ்பார்க் மையங்களில் சேரும் வாய்ப்புப் பெற்ற மாணவரின் கணித மதிப்பெண், வாய்ப்புப் பெறாதவரைவிட நாலரை மாதத்தில் 0.37 திட்ட விலக்கம் கூடுதலாக உயர்ந்தது. பாடநூலை மட்டும் பார்த்து நடத்தும் வகுப்பு பின்தங்கிய பிள்ளைகளை எட்டவே இல்லை என்பதே இவ்வாய்வின் கனமான செய்தி.

கருவி பிழையைக் காட்டும். திருத்த ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் வேண்டும்.