இயங்குதளங்களின் பரீட்சைப் பதிப்புகளும் கடாரத்துத் தமிழரும்

கணினிக்கு உயிரூட்டும் இயங்குதளம் ஒன்று கடைக்கு வருமுன்னர், அதனை ஆக்கியோர் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள், அதனைப் பரீட்சைப் பதிப்புகளாகப் பிறர் கையில் கொடுத்து, அவர்கள் கண்ட குறைகளைக் கேட்டறிந்து திருத்தி வருவது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கத்தின் சரித்திரம் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கடாரம் எனப் பழம்பெயர் கொண்ட, மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களிலும், சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், அலோர் ஸ்டார் முதலிய ஊர்களிலும் வாழும் தமிழர் நின்ற இடத்திலிருந்து நோக்கினால் அதே சரித்திரம் வேறொரு வடிவம் கொள்கிறது. ஒரு பாஷைக்குப் புதிய தளத்தில் என்ன இடம் கிடைக்கும் என்பது வெளியீட்டு விழாவன்று தீர்மானமாவதில்லை. பரீட்சைக் காலத்திலேயே, சொற்பப் பேர் கூடிய சபையில் அது தீர்ந்துவிடுகிறது. அந்தச் சபையில் தமிழுக்காகப் பேச எப்பொழுது யார் இருந்தார் என்பதே இக்கட்டுரை பின்தொடரும் விஷயம்.

1980களிலும் 1990களின் முற்பகுதியிலும் பரீட்சைப் பதிப்பு என்பது அழைப்புப் பெற்றோருக்கே உரிய பொருளாக இருந்தது. மென்பொருள் எழுதுவோர், கணினி உற்பத்தி செய்யும் கம்பெனிகள், பெரிய வாடிக்கையாளர் ஆகியோரே அதற்குப் பாத்திரர். விண்டோஸ் 95 வெளிவந்தது 1995 ஆகஸ்டு 24ஆம் நாள். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மைக்ரோசாப்ட் அதன் முன்னோட்டப் பதிப்பை ஏறக்குறைய நான்கு லட்சம் பேருக்கு விலைக்குக் கொடுத்தது, இந்த வேலி முதன்முதலில் பெரிய அளவில் தளர்ந்த சந்தர்ப்பம் எனலாம். அந்நான்கு லட்சத்தில் தமிழுக்கு ஆகக்கூடிய காரியம் ஒன்றும் இருக்கவில்லை. ஏனெனில் அத்தளம் தமிழ் எழுத்தைத் தன் உறுப்பாகக் கொண்டதே அன்று. தமிழ் வேண்டியவர் தளத்தின் மீது தனியே ஒன்றைப் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. மலேசியாவில் அக்காரியத்தைச் செய்தவர் முத்து நெடுமாறன். 1985இல் அவர் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள் டாஸ் காலத்திலேயே தமிழை மலேசியக் கணினித் திரையில் ஏற்றியது. பின்னர் அது ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. ஆங்கில விசைகளில் ‘அ’ வேண்டின் அதன் ஒலிக்குரிய விசையைத் தட்டும் அஞ்சல் முறையை நம்மவர் பலர் கைப்பழக்கமாகக் கொண்டது அக்காலத்திலேதான். தளம் மாறும்பொழுதெல்லாம் பூசிய தமிழ் உதிர்ந்துவிடுமோ என்ற அச்சமும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

இங்கே கெடாவின் விசித்திரமான நிலையைச் சொல்லாமல் மேற்செல்ல முடியாது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில் நிறுவியது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பெற்றபின் அந்நிறுவனம் கடல் கடந்து கெடாவிலும் வேரூன்றியது. தோட்டங்கள் விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் லயங்களைவிட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், பெற்றோர் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) சென்ற அதே நேரத்தில் கம்பெனிப் பேருந்தில் ஏறி இத்தகைய ஆலைகளுக்குச் சென்றனர். கணினியின் அங்கங்கள் இங்கே உருவாயின. அவற்றின்மேல் ஓடப்போகும் தளத்தின் குணதோஷங்களைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் இங்கிருந்து கேட்கப்படவில்லை. யந்திரத்தைத் தொட்டவன் கையும் அதன் பாஷையைத் தீர்மானித்தவன் கையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லைதான். ஆயினும் இத்தனை அருகில் இருந்தும் இத்தனை தொலைவு என்பது சிந்திக்கத்தக்கது.

தமிழைப் பொறுத்தவரை திருப்புமுனையாக அமைந்தது விண்டோஸ் 2000. ‘என்.டி. 5.0’ என்ற பெயருடன் அதன் முதற் பரீட்சைப் பதிப்பு 1997 செப்டம்பரிலும், இரண்டாவது 1998 ஆகஸ்டிலும், புதுப்பெயர் சூடிய மூன்றாவது 1999 ஏப்ரலிலும் வந்தன. இதே காலத்தைத் தமிழுலகத்தின் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடைத்து. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ கூடித் ‘தாம்’, ‘தாப்’ என்னும் குறியேற்றங்களையும், தமிழ் 99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. உலகெங்கும் சிதறிக்கிடந்த ஆர்வலர் சிலர் தாமாகவே ‘திஸ்கி’ என்ற வேறொரு குறியேற்றத்தை உருவாக்கி வந்தனர். எக்குறியேற்றம் சிறந்தது என்ற வாதம் அனல் பறந்துகொண்டிருந்த அவ்வேளையில், தமிழ் 1991இன் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்த யூனிகோடை அடிப்படையாகக் கொண்டு, தேவநாகரியையும் தமிழையும் தன் உள்ளுறுப்பாக ஏற்ற ஒரு தளம் மைக்ரோசாப்டின் தலைமையகமுள்ள ரெட்மண்ட் நகரில் பரீட்சைக்கு உட்பட்டுக்கொண்டிருந்தது. 1999 டிசம்பரில் அது முடிவுற்று, 2000 பிப்ரவரி 17ஆம் நாள் வெளிவந்தபோது, ‘லதா’ என்னும் எழுத்துருவுடன் தமிழ் அதில் இருந்தது. பத்தாண்டு விவாதத்தின் முடிவு வாக்கெடுப்பால் வரவில்லை. வெளியான பொருளால் வந்தது.

ஆனால் அப்பொருளில் தமிழுக்குக் கொடுக்கப்பட்ட விசைப்பலகை, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் ஒன்றே. சென்னை மாநாடு அங்கீகரித்த தமிழ் 99ஐயோ, மலேசியரும் சிங்கப்பூரரும் கையாண்ட அஞ்சலையோ அது அறியாது. எழுத்து உள்ளே வந்தது. எழுதும் வழி வெளியே நின்றது. ஆதலால் சுங்கை பட்டாணியில் தமிழ் எழுதியவர், தளம் தமிழை அறிந்த பின்னும், முரசு அஞ்சலையே நிறுவிக்கொண்டு எழுதினார். பரீட்சைக் காலத்தில் ஒரு மலேசியத் தமிழாசிரியரிடம் யாரேனும் அப்பலகையைக் கொடுத்து ஒரு பத்தி எழுதச் சொல்லியிருந்தால், அரைமணி நேரத்தில் இக்குறை புலப்பட்டிருக்கும் என்பது என் துணிபு.

ஆப்பிள் நிறுவனம் இவ்விஷயத்தில் வேறு மார்க்கத்தைக் கையாண்டது. 2000 செப்டம்பர் 13ஆம் நாள் மேக் ஓஎஸ் எக்ஸ் தளத்தின் பொதுப் பரீட்சைப் பதிப்பை 29.95 டாலர் விலைக்கு அது எவருக்கும் விற்றது. ரிங்கிட் ஒரு டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டிருந்த காலம். ஆகவே நம் கணக்கில் ஏறக்குறைய 114 வெள்ளி. குறைகளைக் கண்டுசொல்லும் உரிமைக்காகப் பணம் கட்ட வேண்டிய இந்த ஏற்பாட்டைப் பலர் பரிகசித்தனர். 2001 மே மாதத்தில் அப்பதிப்பு காலாவதியாகிச் செயலற்றுப் போகும்படி அமைக்கப்பட்டதும் அப்பரிகாசத்துக்குத் துணைசெய்தது. எனினும் தமிழுக்கு இந்நிறுவனத்தால் விளைந்த நன்மை பெரிது. 2005 ஏப்ரலில் வெளிவந்த ‘டைகர்’ பதிப்பில் முத்து நெடுமாறன் வரைந்த ‘இணைமதி’ எழுத்துரு இடம்பெற்றது. அஞ்சல், தமிழ் 99 ஆகிய இரு விசைமுறைகளும் உடன்வந்தன. அவரது கைவண்ணத்தில் பின்னர் தமிழ் மட்டுமன்றி வேறு பல ஆசிய எழுத்துகளும் அத்தளத்தில் சேர்ந்தன. அவ்வெழுத்துருப் பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘எம்.என்.’ என்ற ஈரெழுத்து அவர் முத்திரையே. 2013 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 7 அதே இரு விசைமுறைகளை ஐபோனுக்கும் கொண்டுவந்தது. ஆயிரம் பேர் குறை எழுதியனுப்புவதைவிட, வெளியீட்டுக்கு முன் ஆக்குவோருடன் இருந்து வேலைசெய்யும் ஒருவரால் ஒரு பாஷைக்கு அதிகம் கிடைக்கிறது என்பதற்கு இது பிரத்தியட்ச சாட்சி.

மைக்ரோசாப்டின் அடுத்த தளங்களுள் ஒன்றான விண்டோஸ் விஸ்டா பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘லாங்ஹார்ன்’ என்ற பெயரில் தொடங்கி, 2004இல் பாதி வழியில் கலைத்து மறுபடி கட்டப்பெற்று, 2007 ஜனவரியில் வந்துசேர்ந்த அதன் கதையால் அந்நிறுவனத்தார் கற்றது, அடுத்த தளத்தை முன்கூட்டியே பொதுமக்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதே. அவ்வாறே 2009 ஜனவரியில் விண்டோஸ் 7இன் பரீட்சைப் பதிப்பு இலவசமாக அளிக்கப்பட்டது. முதலில் 25 லட்சம் பேருக்கே என்று வரம்பு கட்டினர்; கூட்டத்தைத் தாங்காமல் நிறுவனத்தின் கணினிகள் திணறவே, அவ்வரம்பையும் நீக்கினர். கெடாவில் வரம்பு வேறிடத்தில் இருந்தது. 32 பிட் பதிப்பின் அளவு ஏறத்தாழ 2.44 கிகாபைட், நொடிக்கு ஒரு மெகாபிட் வேகமுள்ள ஸ்ட்ரீமிக்ஸ் இணைப்பு இடையறாது ஓடினும் ஐந்தரை மணி நேரம் வேண்டும், தொலைபேசி மோடத்தையே நம்பியிருந்த வீட்டிலோ, 56 கிலோபிட் என்ற உச்சவேகம் முழுமையாகக் கிட்டினாலும் நான்கு நாள் ஓடவேண்டும். இத்தகைய நிலையில் பட்டணத்தில் ஒருவர் இறக்கிய வட்டே தோட்டத்துக்குச் சென்றது. வீட்டில் ஒரே கணினி. அதில்தான் பிள்ளையின் பள்ளிக்கூட வேலை, கோயில் திருவிழா நோட்டீஸ், வேலை விண்ணப்பம் எல்லாம். அதன்மேல் முடிவுறாத தளம் ஒன்றை நிறுவுவது, வன்தட்டை இரு கூறாக்கத் தெரிந்த துணிச்சல்காரர்க்கே இயல்வதாக இருந்தது. அப்பரீட்சைப் பதிப்பு ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானிய மொழி, அரபு, இந்தி ஆகிய ஐந்தில் கிடைத்தது. தமிழ் அவ்வரிசையில் இல்லை. அப்பதிப்பு 2009 ஆகஸ்டு முதல் நாளுடன் காலாவதியாயிற்று. நெருங்கிய வாரங்களில் இரண்டு மணிக்கொருமுறை கணினி தானே நின்றுபோகும்படி செய்து, பரீட்சை முடிந்ததை நினைவூட்டினர்.

2014 செப்டம்பர் 30ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ‘விண்டோஸ் இன்சைடர்’ திட்டத்தோடு இச்சரித்திரம் புதிய கட்டத்துக்குள் நுழைந்தது. பரீட்சை என்பது வெளியீட்டோடு முடியும் பருவமாக இல்லாமல், என்றென்றும் நடக்கும் காரியமாயிற்று. இரண்டு வாரத்துக்குள் பத்து லட்சம் பேர் பதிவுசெய்தனர். சேர்ந்தோர் தம் துணிவுக்கேற்ப விரைவு வளையம், நிதான வளையம் என்றும், பின்னாளில் கேனரி, டெவ், பீட்டா என்றும் பிரிந்து நின்றனர். இவ்வேற்பாடு தோட்டப்புறத்தாருக்குப் புதியதாகத் தோன்றக் காரணமில்லை. 1925இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், தான் ஒட்டுக்கலந்து உண்டாக்கிய கன்றுவகைகளை, முதல் வகுப்பு பரந்த அளவில் நடுவதற்கு, இரண்டாம் வகுப்பு ஓரளவுக்கு, மூன்றாம் வகுப்பு சிறு பரப்பில் சோதித்துப் பார்ப்பதற்கு எனப் பிரித்தே தோட்டங்களுக்குப் பரிந்துரைத்தது. டிஜிர் 1, பிபி 86 என்னும் இரண்டின் கலப்பில் பிறந்து, ‘ஆறுநூறு’ என்று நம்மவர் அழைத்த மரம் பால்வெட்டு நிரைகளில் பரவியதும் அவ்வாறு பல்லாண்டுச் சோதனைக்குப் பின்னரே. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: மூன்றாம் வகுப்புக் கன்று பொய்த்தால் நஷ்டம் தோட்டத்து முதலாளியுடையது, விரைவு வளையத்துப் பதிப்பு பொய்த்தால் நஷ்டம் அதை நிறுவியவனுடையது. அதுவுமன்றி, ஆரம்பப் பதிப்பின் அந்தரங்கக் கொள்கை, பயனர் தட்டச்சிடும் எழுத்துகளைப் பற்றிய விவரங்களையும் சேகரிக்கக்கூடும் என்று கூறியிருந்தது. இலவசத்துக்கும் ஒரு கிரயம் உண்டென்பதை உணராது, பலர் அக்கொள்கையைப் படிக்காமலே கடந்து போயினர்.

வாயில் திறந்துவிட்டதால் குரல் கேட்கப்பட்டதா? 2018 அக்டோபர் 2ஆம் நாள் வெளியான விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, இடம் மாற்றி வைக்கப்பட்டிருந்த ஆவணக் கோப்புறைகள் சிலவற்றிலிருந்த கோப்புகளைப் பயனர் அறியாமலே அழித்தது. சில நாட்களில் நிறுவனம் அதனை நிறுத்தி, நவம்பர் 13ஆம் நாள்தான் மறுபடி வெளியிட்டது. இக்குறையைப் பரீட்சையாளர் சிலர் முன்னரே எழுதியனுப்பியிருந்தனர். லட்சக்கணக்கான குறிப்புகளிடையே, வாக்குகளின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும் முறையில், சிலருடைய எச்சரிக்கை அடியில் கிடந்துவிட்டது. அதன்பின் குறையின் தீவிரத்தைக் குறிக்க ஒரு தனி இடம் ஏற்படுத்தினர். வாக்குகளை எண்ணும் சபையில் சிறுபான்மை பாஷையின் நிலை என்னவாகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ‘கொ’ என்பதில் கொம்பு இடம் தவறி நிற்கிறது என்று கெடாவிலிருந்து ஒருவர் எழுதும் குறிப்புக்கு, ‘தொடக்கப் பட்டியலின் நிறம் பிடிக்கவில்லை’ என்ற குறிப்புக்கு விழும் வாக்குகள் ஒருபோதும் விழா.

எழுத்துருவிலும் இதைக் காணலாம். விண்டோஸ் 8இல் இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக ‘நிர்மலா’ வந்தது; விண்டோஸ் 10இல் லதா, விரும்பினால் மட்டும் சேர்த்துக்கொள்ளும் உபரி எழுத்துருக்களுள் ஒன்றாயிற்று. லதாவில் அமைத்த பழைய பள்ளி மலர்களையும் சங்க அறிக்கைகளையும் புதிய கணினியில் திறந்தால் வேறெழுத்து தோன்றி, பக்கம் குலைந்து நிற்கும். சென்னையில் 1999இல் அங்கீகரிக்கப்பட்ட தமிழ் 99 பலகை விண்டோஸின் உள்ளே நுழைந்தது 2019 மே மாதப் பதிப்பில். ஆப்பிளில் 2005லேயே இருந்ததற்கு விண்டோஸில் இருபதாண்டுக் காத்திருப்பு.

விண்டோஸ் 11இன் முதற் பரீட்சைப் பதிப்பு 2021 ஜூன் 28ஆம் நாள் இன்சைடர்களுக்குக் கிடைத்தது. பெருந்தொற்றால் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படித்த காலம் அது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டுமென்ற நிபந்தனையை ஆட்சேபித்துப் பரீட்சையாளர் எழுதியவை மலைபோல் குவிந்தன. அக்டோபர் 5ஆம் நாள் தளம் வெளியானபோது நிபந்தனை அநேகமாக அப்படியே இருந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவடைந்தது. இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏழாம் தலைமுறைக் கணினிகளில் முரசு அஞ்சலும் ஓடுகிறது, தமிழ் 99உம் ஓடுகிறது; அவற்றின் அடுத்த தளம் மட்டும் அவற்றை ஏற்காது.