அரபு மொழி அறிந்த ஏதென்ஸும் அறியாத ஏதென்ஸும்

அரபுக் கல்லூரிகளில் மன்திக் எனும் தர்க்கவியல் பயில்வோர் ‘ஈஸாகூஜி’யிலிருந்து தொடங்குவது வழக்கம். அப்பெயரே ஒரு கிரேக்கச் சொல். ‘முன்னுரை’ என்பது அதன் பொருள். சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகியோரும் சுக்ராத், அஃப்லாத்தூன், அரிஸ்தூ என்று நமக்கு நெடுங்காலமாக அறிமுகமானவர்களே. ஆயினும் அம்மூவரும் கற்பித்த ஏதென்ஸ் நகரரசின் கதையை நாம் அதிகம் கேட்டதில்லை. அந்நகர் உச்சத்தில் நின்ற காலம் வேறு. அரபு மொழிக்கு அது வாரி வழங்கிய சிந்தனைகள் பிறந்த காலம் வேறு.

கி.மு. 483 அளவில் ஏதென்ஸின் தென்பால் லாரியம் சுரங்கங்களில் வெள்ளி பெருமளவில் கிடைத்தது. மக்களுக்குப் பங்கிடப்படவிருந்த அச்செல்வத்தைக் கொண்டு போர்க்கப்பல்கள் கட்டுமாறு தெமிஸ்டோக்கிளீஸ் வற்புறுத்தினார். கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கடற்படையை முறியடித்தவை அக்கப்பல்களே. துடுப்பு வலித்த ஏழைக் குடிமக்களின் குரல் பின்னர் மக்களவையில் ஓங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பாரசீகத்தை எதிர்க்க கி.மு. 478இல் ஒரு கூட்டணி அமைந்தது. உறுப்பு நகரங்கள் கப்பலோ பணமோ அளித்தன. பொதுக் கருவூலம் டெலோஸ் தீவில் இருந்தது. கி.மு. 454இல் அது ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. நண்பர்கள் கொடுத்த பங்கு, குடிபடைகள் செலுத்தும் கப்பமாயிற்று. ஏழாண்டுகளில் பார்த்தனான் ஆலயப் பணி தொடங்கியது. போருக்கெனத் திரட்டிய பணத்தில் நகருக்கு அணிபூட்டுகிறார் என்று பெரிக்கிளீஸை எதிரிகள் சாடியதாகப் புளூட்டார்க் எழுதியுள்ளார். சோபோக்ளீஸ், யூரிப்பிடீஸ் போன்றோரின் நாடகங்கள் அரங்கேறிய பொற்காலமும் அதுவே. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அயலாருக்கும் அந்த மக்களாட்சியில் வாக்கில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கி.மு. 431இல் ஸ்பார்ட்டாவுடன் போர் மூண்டது. மறு ஆண்டே கொள்ளைநோய் பரவியது, கி.மு. 429இல் பெரிக்கிளீஸும் மறைந்தார். கி.மு. 427இல், கிளர்ச்சி செய்து பணிந்த மிட்டிலீன் நகரின் ஆடவர் அனைவரையும் கொல்ல மக்களவை வாக்களித்து, கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் மனம் உறுத்த, மீண்டும் கூடி வாதிட்டு, சிறு வேறுபாட்டில் அம்முடிவை மாற்றிக்கொண்டது. இரண்டாம் கப்பலின் துடுப்பாளர் வலித்தவாறே உணவு உண்டு விரைந்தனர். ஆணை நிறைவேறும் தறுவாயில் போய்ச் சேர்ந்தனர். கிளர்ச்சித் தலைவர்கள் கொல்லப்பட்டனர், நகரம் பிழைத்தது. கி.மு. 416இல் மெலோஸ் தீவை வென்றபோதோ இரண்டாம் கப்பல் எதுவும் புறப்படவில்லை. ஆடவர் கொல்லப்பட்டனர், பெண்டிரும் சிறாரும் அடிமைகளாயினர். நம் பார்வையில் ஏதென்ஸின் வீழ்ச்சி இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் நேர்ந்துவிட்டது. அதன்பின் நடந்தவை, சிசிலிப் படையெடுப்பில் நேர்ந்த பேரழிவும் கி.மு. 404இன் சரணும், அதன் புறச் சின்னங்களே.

வியப்பு யாதெனில், சுக்ராத் நஞ்சருந்தியதும் (கி.மு. 399), அஃப்லாத்தூன் தம் கல்விக்கழகத்தை நிறுவியதும் இத்தோல்விக்குப் பின்னரே. அரிஸ்தூ தம் கல்விக்கூடத்தைத் தொடங்கிய கி.மு. 335இல் நகரம் மாசிடோனியரின் மேலாதிக்கத்தில் இருந்தது. அவரோ நிலம் வாங்கும் உரிமையற்ற அயலார்!

கி.பி. 529இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸில் தத்துவக் கல்வியைத் தடை செய்தார். தத்துவ அறிஞர் எழுவர் பாரசீக மன்னர் அனூஷிர்வானின் அவையை நாடினர். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலானோர் கிரேக்க நூல்களை அரபியாக்கியபோது, தத்துவமும் மருத்துவமும் கணிதமும் வந்தன. நாடகமும் வரலாறும் வரவில்லை. அரிஸ்தூவின் கவிதையியலை மொழிபெயர்த்த அபூ பிஷ்ர் மத்தா (மறைவு கி.பி. 940) அவல நாடகத்தை ‘மதீஹ்’ என்றும் நகைச்சுவை நாடகத்தை ‘ஹிஜா’ என்றும் பெயர்த்தார். மேடையைக் காணாதவருக்குப் புகழ்ப்பாவும் வசைப்பாவுமே கைக்கெட்டின. இப்னு ருஷ்தும் அவ்வழியே சென்றார். அவர்களைக் குறைகூற நாம் துணியோம். தம் காலத்துக்கு வேண்டியதையே அவர்கள் தேர்ந்தனர்.

இழப்பு வேறிடத்தில் உள்ளது. மிட்டிலீன் விவாதத்தையும் மெலோஸின் முடிவையும் எழுதிவைத்தவர் தூசிடைடீஸ். அரசுகள் எழுந்து விழும் விதத்தை ஆராய்ந்த இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் அரிஸ்தூவைக் குறிப்பிடுகின்றார். அரிஸ்தூ கற்பித்த அந்நகரம் தன் நண்பர்களையே குடிபடைகளாக்கி வீழ்ந்த வரலாறு அவர் கைக்கு வந்து சேரவேயில்லை.