காய்ந்த இறைச்சி சொல்லும் கனடாவின் கதை



கோடை தொடங்கினால் நம் பிள்ளைகள் பலர் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு அல்கொன்குயின் பூங்காவுக்கும் புரூஸ் நடைபாதைக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். 'ஹைக்கிங்' போகிறவர்களின் பையில் பெரும்பாலும் இருப்பது ஜெர்க்கி என்னும் காய்ந்த இறைச்சி. கடையில் விலை கூடுதல் என்பதால் வீட்டிலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அதைச் செய்யும் முறையைச் சொல்லும்படி சில நேயர்கள் கேட்டார்கள். சொல்கிறேன். ஆனால், அதற்கு முன் அதன் வரலாற்றைச் சொல்லவேண்டும். நாம் குடியேறியிருக்கும் இந்த நாட்டின் வரலாற்றில் காய்ந்த இறைச்சிக்கு ஓர் பெரிய இடம் உண்டு. நம்மில் பலர் அதை அறிந்ததில்லை.

இறைச்சியைக் காயவைப்பது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் உப்புக்கண்டம் என்பார்கள். வன்னியில் மான் வத்தல், மரை வத்தல் என்றால் வயதானவர்களுக்கு இன்றும் வாய் ஊறும். இலங்கையில் நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், வேடுவர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியை இட்டு, களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கென்று சேமித்ததை எழுதியிருக்கிறார். முறைகள் வேறு, நோக்கம் ஒன்று. கிருமி வளர ஈரம் வேண்டும். வெயிலோ, புகையோ, உப்போ, தேனோ அந்த ஈரத்தைக் கிருமிக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது.

ஜெர்க்கி என்ற சொல் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரில் பேசப்படும் கெச்சுவா மொழியின் 'சார்க்கி' என்பதிலிருந்து வந்தது. இன்கா அரசு தன் நெடுஞ்சாலைகளை ஒட்டிக் களஞ்சியங்களைக் கட்டி வைத்திருந்தது. அங்கே மக்காச்சோளம், உலர்ந்த உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு லாமா இறைச்சியின் சார்க்கியும் இருந்தது. ஸ்பானியர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது ஆங்கிலத்துக்கு வந்தது.

கனடாவின் சமவெளிகளில் பூர்வகுடி மக்கள் இதிலிருந்து ஒரு படி மேலே போனார்கள். காட்டெருமை இறைச்சியை மெல்லிய தகடுகளாக அரிந்து, மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, வெயிலிலும் காற்றிலும் மெல்லிய புகையிலும் காயவைத்தார்கள். காய்ந்ததைக் கல்லால் இடித்துத் தூளாக்கினார்கள். அதில் உருக்கிய கொழுப்பை ஏறத்தாழச் சரிபாதி எடைக்கு ஊற்றிக் கலந்தார்கள். சில வேளைகளில் சஸ்கட்டூன் என்னும் காட்டுப் பழத்தையும் சேர்த்தார்கள். இதுதான் பெமிக்கன். கிறீ மொழியில் 'பிமீ' என்றால் கொழுப்பு. அதிலிருந்து பிறந்த பெயர் இது. கலவையைக் காட்டெருமைத் தோல் பையில் திணித்துத் தைத்துவிடுவார்கள். ஒரு பை ஏறக்குறைய 90 இறாத்தல், அதாவது 40 கிலோ. வருடக்கணக்கில் கெடாது. அரிவதும் காயவைப்பதும் இடிப்பதும் தைப்பதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. வரலாற்று நூல்களில் அவர்களின் பெயர்கள் இல்லை.

இனி ஐரோப்பியரின் வியாபாரத்துக்கு வருவோம். மொன்றியல் வியாபாரிகளின் தோணிகள் மேற்கே அத்தபாஸ்கா ஏரிவரை உரோமத் தோலுக்காகப் போய்த் திரும்பவேண்டும். ஆறுகள் உறையாமல் இருப்பது சில மாதங்கள்தான். நின்று வேட்டையாட நேரமில்லை. தோணியில் இடமும் இல்லை. ஒரு நாள் முழுதும் துடுப்பு வலிப்பவனுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான பெமிக்கன் போதும். அலெக்சாண்டர் மக்கென்சி 1793இல் இந்தக் கண்டத்தைக் கடந்து பசிபிக் கரையை அடைந்தபோது, திரும்பி வரும் வழிக்கென்று பெமிக்கனை மண்ணில் புதைத்து வைத்துவிட்டே போனார். உரோமம்தான் செல்வம் என்று பள்ளியில் படிக்கிறோம். அந்தச் செல்வத்தை அசைத்தது சமவெளிப் பெண்கள் இடித்த இறைச்சி.

எது இல்லாமல் ஒரு வியாபாரம் நடக்காதோ, அதன்மேல்தான் சண்டை வரும். இன்றைய வின்னிபெக் இருக்கும் செவ்வாற்றுப் பகுதியில் 1812இல் செல்கேர்க் பிரபுவின் ஏற்பாட்டில் ஸ்கொட்லாந்துக் குடியேறிகள் வந்து இறங்கினார்கள். நிலம் ஹட்சன்ஸ் பே கம்பனி கொடுத்தது. ஆம், 1670இல் தொடங்கி, 2025இல் தன் கடைகளை மூடிய அதே 'பே'தான். குடியேறிகள் பசியில் வாடினார்கள். ஆளுநர் மைல்ஸ் மக்டொனெல், 1814 ஜனவரி 8ஆம் திகதி, பெமிக்கன் உட்பட எந்த உணவையும் அந்தப் பிரதேசத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஆணையிட்டார். தொடர்ந்து குதிரைமீதேறிக் காட்டெருமையைத் துரத்தி வேட்டையாடுவதற்கும் தடை வந்தது.

ஆணை குடியேறிகளின் பசிக்காக என்று சொல்லப்பட்டது. அடி விழுந்தது வேறு இரண்டு தரப்புகளுக்கு. ஒன்று, போட்டிக் கம்பனியான நோர்த் வெஸ்ட் கம்பனி. மற்றது, பூர்வகுடித் தாய்மாருக்கும் ஐரோப்பியத் தந்தையருக்கும் பிறந்து தனி இனமாக வளர்ந்திருந்த மெற்றி மக்கள். பெமிக்கன் செய்து விற்பதுதான் அவர்களின் வாழ்வு. கைப்பற்றலும் பதிலடியுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1816 ஜூன் 19ஆம் திகதி, கத்பேர்ட் கிரான்ட் என்னும் மெற்றித் தலைவரின் குழு பெமிக்கனைக் கோட்டைக்கு அருகே தரைவழியாகக் கொண்டுபோனபோது, செவன் ஓக்ஸ் என்னுமிடத்தில் மோதல் மூண்டது. அப்போதைய ஆளுநர் றொபேர்ட் செம்பிளும் அவருடன் வந்தவர்களில் 20 பேரும் கொல்லப்பட்டார்கள். மெற்றித் தரப்பில் இறந்தவர் ஒருவர். ஐந்து ஆண்டுகளின் பின், 1821இல், இரண்டு கம்பனிகளும் ஒன்றாக்கப்பட்டன.

உணவைத் தடுப்பது என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்கள் நம்மிடையே நிறையப்பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த வரலாறு எனக்கு வெறும் ஏட்டுக் கதையாகத் தெரிவதில்லை.

மெற்றி மக்கள் அதன் பிறகும் ஓயவில்லை. 1840ஆம் ஆண்டுக் கோடை வேட்டைக்கு 1,210 வண்டிகள் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். ஆனால், தோல் வியாபாரமும் துப்பாக்கியும் ரயிலும் சேர்ந்து, கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமைகளை அழித்துவிட்டன. 1880களின் இறுதியில் மிஞ்சியவை சில நூறுகள்தான். அதோடு சமவெளி மக்களின் களஞ்சியம் காலியாயிற்று. பட்டினி கிடந்த மக்களுக்கு அரசு உணவைக் கொடுக்கும் விதமே அவர்களை ஒதுக்கு நிலங்களுக்குள் தள்ளும் கருவியாயிற்று. பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட், செலவைக் குறைப்பதற்காகப் பட்டினியின் விளிம்புவரை உணவை மறுத்து வருவதாக 1882இல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 1814இல் நோக்கம் ஒரு போட்டிக் கம்பனியை மடக்குவது. 1882இல் மடக்கப்பட்டவர்கள் முழு மக்கள்.

இனிச் செய்முறை. கொழுப்பில்லாத மாட்டுத் தொடைச் சதையை எடுத்து, தெரியும் கொழுப்பையெல்லாம் வெட்டி நீக்குங்கள். பச்சைக் கொழுப்பு விரைவில் காறிப்போகும். பெமிக்கனில் சேர்ப்பது உருக்கி நீர் நீக்கிய கொழுப்பு என்பதால்தான் அது நின்றது. சதையைப் பாதி உறையவைத்தால் அரிவது சுலபம். கால் அங்குலத்துக்கு மேல் தடிப்பம் வேண்டாம். சோயா சோஸ், மிளகு, உள்ளி, மிளகாய்த்தூள் சேர்த்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு ஊறவிடுங்கள்.

அடுத்த படியை யாரும் தவறவிடக் கூடாது. 1995இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ஜெர்க்கி சாப்பிட்ட 93 பேருக்கு சல்மொனெல்லா நோய் கண்டது. அதே ஆண்டில் ஒரேகன் மாநிலத்தில் வீட்டில் செய்த மான் ஜெர்க்கியால் ஈ. கோலை பரவியது. உலர்த்தியின் வெப்பம் மட்டும் கிருமியைக் கொல்லப் போதாது. காயத் தொடங்கிய கிருமி வெப்பத்தைத் தாங்கவும் பழகிவிடும். ஆகவே இறைச்சியின் உள்வெப்பம் 71 பாகையாகும்வரை முதலில் ஊறிய சாறோடு கொதிக்கவைத்தோ அடுப்பில் வாட்டியோ எடுங்கள். கோழி, வான்கோழி என்றால் 74 பாகை. பிறகு 60 பாகையில் உலர்த்துங்கள். வளைத்தால் வெடிக்கவேண்டும், இரண்டாக முறியக் கூடாது. அதுதான் பதம்.

ஆறியபின் காற்றுப் புகாத பையில் இட்டு, பயணம்வரை குளிர்பெட்டியிலோ உறைபெட்டியிலோ வையுங்கள். அறை வெப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு மாதங்களுக்கு மேல் வைக்கவேண்டாம். நாலு கிலோ இறைச்சி காய்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோதான் மிஞ்சும். தோள் நோகாமல் நடக்கலாம். காட்டில் கரடி நடமாடும் இடமானால் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள்.

அல்பேர்ட்டா பக்கம் போகிறவர்கள் 'ஹெட் ஸ்மாஷ்ட் இன்' என்னும் எருமைப் பாய்ச்சல் மலையைப் பார்த்து வாருங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கே காட்டெருமைகளை மலையுச்சியிலிருந்து விழுத்தி, அடிவாரத்தில் இறைச்சியைக் காயவைத்தார்கள். 1981இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பையில் இருக்கும் துண்டு எங்கிருந்து வந்தது, அதை யார் செய்தார்கள், யார் பறித்தார்கள் என்று அங்கே நின்று சொல்லிக்கொடுங்கள்.