மூலநிரலை எங்கே வைப்பது? திருமலையின் கல்லும் செம்பும்

திறமூல மென்பொருள் ஒன்றின் மூலநிரலை எந்தக் களஞ்சியத் தளத்தில் வைப்பது என்பது இன்று தொழில்நுட்பக் கேள்வியாகவே கருதப்படுகிறது. பலருக்கும் உரிய ஒரு பனுவலை யாருடைய இடத்தில், எப்பொருளின் மேல் வைப்பது என்னும் பழைய கேள்வியின் புதிய வடிவமே அது. அக்கேள்விக்குத் திருமலை இரண்டு விடைகளை வைத்திருக்கிறது.

முதல் விடை கல். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவற்றை ஆராய்ந்த தேவஸ்தானக் கல்வெட்டறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் அறிக்கை 1930இல் வெளிவந்தது. நிலக்கொடை, விளக்கு, திருவமுது பற்றிய ஏற்பாடுகள் பலர் நடமாடும் சுவரில் இருந்தன. ஏற்பாடு தவறினால் சுட்டிக்காட்டச் சான்று கண்முன் நின்றது. 13ஆம் நூற்றாண்டில், யாதவராயர் ஆட்சியில், மூலக்கோயில் புதுப்பிக்கப்பட்டபோது பழைய சுவரின் சாசனங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. சுவர் போயிற்று, வாசகம் இடம்பெயர்ந்து பிழைத்தது.

இரண்டாம் விடை செம்பு. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியரின் தெலுங்குக் கீர்த்தனைகளை அவருடைய வழியினர் செப்பேடுகளில் பொறிக்கச் செய்து, கோயிலுக்குள் ஒரு சிறு அறையில் சேமித்தனர். சங்கீர்த்தன பண்டாரம் என்பது அதன் பெயர். பண்டாரம் என்றால் களஞ்சியம். ஏடுகள் அழியவில்லை, ஆனால் படிப்பாரும் அரிதாயினர். 1816இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட ஏ. டி. கேம்பல், அவற்றில் பழைய இலக்கண நூல் இருக்கும் என்று கேள்வியுற்று ஆராயச் செய்தார். துதிப்பாடல்களே உள்ளன என்றறிந்ததோடு அம்முயற்சி நின்றது. 20ஆம் நூற்றாண்டில்தான் அவை வெளிக்கொணரப்பட்டு அச்சேறின. 12,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. பாடல்தோறும் இராகப் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் புதிதாக இசையமைக்க நேர்ந்தது.

மூலநிரலின் குறுகிய வரலாற்றிலும் இவ்விரு அனுபவங்களும் பதிவாகியுள்ளன. 2006இல் தொடங்கிய கூகுள் கோடு 2016 ஜனவரியில் மூடப்பட்டது. கிட்டோரியஸ் 2015இல் கிட்லேபின் கைக்குச் சென்று அவ்வாண்டே மறைந்தது. 1999 முதல் இயங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ், 2015இல் கிம்ப் மென்பொருளின் விண்டோஸ் நிறுவியோடு விளம்பர மென்பொருளைச் சேர்த்து வழங்கியதால் நம்பிக்கை இழந்தது. 2008இல் தோன்றிய கிட்ஹப்பை 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது.

சாவி அரசுகளின் கையிலும் உண்டு. 2014 டிசம்பரில் இந்திய அரசு முடக்க ஆணையிட்ட 32 தளங்களுள் கிட்ஹப்பும் ஒன்று. 2019இல் அமெரிக்கத் தடையால் ஈரான், சிரியா, கிரீமியா பயனர்கள் அதன் சில சேவைகளை இழந்தனர்.

ஆயினும் நிரலர்கள் கூட்டம் கூடும் சுவரையே நாடுகின்றனர். அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறக்கும் கொள்கையை 2015இல் வகுத்து, ஓப்பன்ஃபோர்ஜ் என்னும் சொந்தத் தளத்தையும் அமைத்த இந்திய அரசே, 2020 மே மாதம் ஆரோக்கிய சேது ஆண்ட்ராய்டு செயலியின் நிரலைக் கிட்ஹப்பில்தான் வெளியிட்டது. படிப்பாரும் பிழை சுட்டுவாரும் அங்கே இருந்தனர்.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், இச்சிக்கலின் ஒரு பாதியைத் தீர்த்தது. ஒவ்வொரு முழு நகலிலும் நிரலின் மாற்ற வரலாறு முழுவதும் இருக்கிறது. தளம் மூடினால் வேறு சுவரில் வெட்டிக்கொள்ளலாம். மறுபாதி தீரவில்லை. வழுப் பதிவுகள், விவாதங்கள், ஒரு மாற்றம் ஏன் மறுக்கப்பட்டது என்னும் காரணம் ஆகியவை பெரும்பாலும் தளத்தின் தரவுத்தளத்தில் தங்குகின்றன, நகலோடு வருவதில்லை. அவை போனால் எஞ்சுவது இராகப் பெயர் மட்டும் உள்ள செப்பேடு. பிரான்சின் இன்ரியா 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் பல தளங்களின் நிரலைத் திரட்டிக் காக்கிறது. அங்கும் சேமிக்கப்படுவது முதன்மையாக நிரலும் அதன் மாற்ற வரலாறுமே.

திருப்பதியிலும் சித்தூரிலும் ஒரு கல்லூரி மாணவர் குழு தன் தமிழ் அல்லது தெலுங்குச் சொற்பிழைத்திருத்தியை எத்தளத்திலும் வைக்கலாம். அத்தளம் மூடும் நாளில் நிரலோடு விவாதத்தையும் வெளியே எடுக்க வழி உண்டா, இரண்டாம் நகல் வேறொருவர் இடத்தில் உள்ளதா என்பவற்றைத் தேர்வுக்கு முன்பே கேட்டாக வேண்டும். திருமலையில் பழஞ்சுவரின் சாசனங்கள் இன்று படிக்கக் கிடைப்பது, சுவர் இடிபடும் முன் அவற்றைப் படியெடுக்க ஒருவர் நினைத்ததால்தான்.