வெளியேற்றத் தேடியதும் அடக்கக் கிடைத்ததும்

திடீரென எழுந்து அடக்க முடியாதபடி வருத்தும் சிறுநீர் உந்துதல், பகலிலும் இரவிலும் அடிக்கடி கழிக்க நேர்தல், சிலருக்குக் கழிப்பறையை எட்டுமுன் ஏற்படும் கசிவு ஆகியவை சேர்ந்த நிலையை மருத்துவர்கள் மிகைச் செயல்பாட்டுச் சிறுநீர்ப்பை என்பர். மருந்தும் பயிற்சியும் பயன் தராதபோது இந்நோயாளிகளின் உடலுக்குள் பொருத்தப்படும் நரம்புத் தூண்டி, சிறுநீரை வெளியேற்ற முடியாமல் தவித்தவர்களுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சியின் எதிர்பாராத விளைவாகும்.

டென்மார்க்கைச் சேர்ந்த சாக்ஸ்டார்ஃப் என்னும் அறுவை மருத்துவர் 1878இலேயே, சிறுநீர்ப் புறவழியாக மின்முனையைச் செலுத்திச் சிறுநீர் தேங்கியவர்களுக்கு மின்சாரம் பாய்ச்சினார். தண்டுவடம் காயமுற்றவர்களைச் சிறுநீரகப் பழுது பெருமளவில் கொன்றுவந்த 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முயற்சி புத்துயிர் பெற்றது. சிறுநீர்ப்பைச் சுவரிலேயே மின்முனைகளைத் தைத்துப் பார்த்தபோது, மின்னோட்டம் அருகிலிருந்த உறுப்புகளுக்கும் பரவி வலியை உண்டாக்கியது. விரிந்து சுருங்கும் சுவரில் மின்முனைகள் நிலைத்து நிற்கவும் இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் தசையை விட்டு நரம்பை நோக்கி நகர்ந்தனர். அமெரிக்காவில் நாஷோல்ட் தண்டுவடத்தின் அடிநுனியைத் தூண்டினார். ஆயினும் நாய்களில் நடந்த சோதனைகள் ஒரு பெருந்தடையைக் காட்டின: சிறுநீர்ப்பை சுருங்கும் அதே நேரத்தில், வாயிலைக் காக்கும் வளையத் தசையான சுருக்குத்தசையும் இறுகியது.

இங்கிலாந்தில் கைல்ஸ் பிரிண்ட்லி, தண்டுவடத்திலிருந்து கட்டளைகளை எடுத்துச் செல்லும் முன்வேர்களைத் தூண்டும் கருவியை 1970களின் இறுதியில் வெற்றிகரமாகப் பொருத்தினார். பின்னாளில் இச்சிகிச்சையோடு, உணர்ச்சியைக் கொண்டுவரும் பின்வேர்களை அறுத்துவிடுவதும் வழக்கமாயிற்று. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எமில் தனாகோவும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் சென்ற வழி வேறு. சுருக்குத்தசையையும் இடுப்புத்தளத் தசைகளையும் ஆளும் நரம்புகள் தூண்டப்படும்போது சிறுநீர்ப்பையின் கட்டற்ற சுருக்கம் தணிவதை அவர்கள் பயன்படுத்திக்கொண்டு, முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பாகிய திருவெலும்பின் மூன்றாம் துளைவழியே மின்முனையைச் செலுத்தும் முறையை 1980களின் தொடக்கத்தில் மனிதரிடம் கையாண்டனர். மெல்லிய துடிப்புகள் உணர்ச்சி இழைகள்வழியாகத் தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள அனிச்சைச் சுற்றுகளைத் திருத்துவதாலேயே பலன் கிட்டுகிறது என்பது இன்றைய விளக்கம். ஒருவர் இடையூறென்று அறுத்தெறிந்த பாதையே மற்றவருக்கு மருந்தாயிற்று என்பது இவ்வரலாற்றின் முரண்நகை எனலாம்.

மெட்ரானிக் நிறுவனத்தின் இன்டர்ஸ்டிம் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் அவசரக் கசிவுக்கான ஒப்புதலை வழங்கியது. அடைப்பில்லாத சிறுநீர்த் தேக்கத்துக்கும் 1999இல் ஒப்புதல் கிடைத்தபோது, ஆராய்ச்சி தொடங்கிய இடத்துக்கே ஒருவகையில் திரும்பி வந்தது. முதலில் ஒரு கம்பிவழியாகத் தற்காலிகமாகத் தூண்டிப் பார்த்து, தொல்லை பாதியேனும் குறைந்தவர்களுக்கே மின்கலக் கருவியைத் தோலடியில் நிலையாகப் பொருத்துவது இம்முறையின் சிறப்பாகும். சரிவராவிட்டால் கம்பியை உருவிவிடலாம் என்னும் இவ்வசதி பிற அறுவைகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

இதே நரம்புச் சுற்றுகளை எட்ட வேறொரு வழியும் இருந்தது. திருவெலும்பு நரம்புகளோடு வேர்களைப் பகிரும் கால்நரம்பைக் கணுக்காலருகே தோலின்மேலிருந்து தூண்டி, எட்வர்ட் மெக்குவயரும் அவர் குழுவினரும் 1983இல் முடிவுகளை வெளியிட்டனர். சீன ஊசிமருத்துவப் புள்ளிகளிலிருந்து பிறந்த அந்த எண்ணம் பின்னர் ஊசிமுனைச் சிகிச்சையாக மாறி நெடுங்காலம் நீடித்து, கணுக்கால் தோலடியில் பதிக்கும் நாணய அளவிலான ஈகாயின் கருவியாக 2022இல் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது.