கட்டில் கம்பியே ஆபத்தாகலாம்! முதியோர் இல்லத்தில் என்னென்ன பார்க்கணும்?

பிள்ளைகள் பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ. அப்பா, அம்மா கோவையில் முதியோர் இல்லத்தில். கணபதி பக்கம் இது இப்போ பழகிப்போன விஷயம். சேர்க்கும்போது சாப்பாடு, டாக்டர், கட்டணம் எல்லாம் விசாரிக்கிறோம். ஆனா, அவங்க நாள் முழுக்க படுத்திருக்கப் போற கட்டிலை எத்தனை பேர் ஆட்டிப் பார்க்கிறோம்?

பக்கவாட்டுக் கம்பியில் என்ன ஆபத்து?

கீழே விழாமல் இருக்கத்தான் சைடு ரெயில். ஆனால் இடைவெளி அதிகமாக இருந்தால் தலை, கழுத்து, மார்பு அதில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு 1985 முதல் 2009 தொடக்கம் வரை இப்படி 803 புகார்கள் வந்தன. அதில் 480 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலும் உடல் தளர்ந்த, மனக்குழப்பம் உள்ள முதியவர்கள்.

எவ்வளவு இடைவெளி இருக்கலாம்?

அந்த அமைப்பின் 2006 வழிகாட்டுதல்படி, கம்பிகளுக்கு நடுவிலும், கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவிலும் 12 செ.மீ.க்குக் குறைவாக இருக்கணும். மெத்தையை மாற்றினாலோ, பழைய மெத்தை அமுங்கிப் போனாலோ மறுபடியும் அளக்கணும்.

வேறு என்ன கவனிக்கணும்?

* சக்கரம்: பிரேக் போட்டுவிட்டு கட்டிலைத் தள்ளிப் பாருங்க. நகர்ந்தால் உடனே சொல்லுங்க. நோயாளி எழுந்து உட்காரும்போதுதான் கட்டில் வழுக்கும்.
* கைப்பிடி: தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கும் கிராங்க் இறுக்கமாகச் சுற்றினால் கிரீஸ் போடணும். பயன்படுத்தாதபோது உள்ளே மடக்கி வைக்கணும். இல்லைன்னா கால் இடிக்கும்.
* வயர்: மோட்டார் கட்டிலின் வயர் சக்கரத்துக்கு அடியிலோ, இடுக்கிலோ நசுங்கக் கூடாது.
* ஏர் பெட்: இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கை வையுங்க. எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை. படுக்கைப்புண் வரும்.
* மெத்தை உறை: கிழிந்திருந்தால் ஈரம் உள்ளே இறங்கி கிருமி தங்கும். மாற்றச் சொல்லுங்க.

பட்டறையில் வெல்டிங் வைக்கலாமா?

கணபதியில் தடுக்கி விழுந்தா லேத் பட்டறை. உடைந்த ரெயிலை அங்கேயே பற்றவைச்சுடலாம்னு தோணும். ஆனா, கம்பியின் இடைவெளியும் லாக்கும் மாறிவிடலாம். கட்டிலைத் தயாரித்தவர்களிடமோ விற்றவர்களிடமோ காட்டுவதே நல்லது. அதுவரை அந்தக் கட்டிலை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ரெயில் போட்டால் போதுமா?

போதாது. எழுந்து நடக்க முயல்பவர் கம்பியைத் தாண்டினால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலைத் தாழ்த்தி வைப்பது, கைக்கெட்டும் தூரத்தில் காலிங் பெல், ராத்திரி வெளிச்சம் ஆகியவைதான் அவருக்குப் பாதுகாப்பு.

யாரிடம் சொல்வது?

முதலில் இல்ல நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்க. பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்க. கண்டுகொள்ளாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போறப்போ, பழத்தோட ஒரு இஞ்ச் டேப்பும் எடுத்துட்டுப் போங்க.